குறட்டையும் நல்லுறக்கமும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன என்று இளமை முதல் கற்று வருகின்றோம். அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க உறக்கத்தைப்பற்றியோ நாம் கற்பது ஒன்றுமில்லை. வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அதற்கே செலவிடுகின்றோமாயினும், அது தானே வந்து தானே போவது என்னும் எண்ணத்தால் அதனை ஆராயாது விட்டுவிடுகின்றோம். உறக்கத்தோடு கூடிவரும் குறட்டையைப்பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. அதன் திறத்து நாம் அறிந்தது நகைப்பு ஒன்றே. விடுதியில் வாழும் நண்பர் அனைவரும் இதனை அறிவர். ஓர் அறையில் குறட்டை விடுபவர் ஒருவர் இருப்பாராயின், 'கும்பகர்ணன்' என்னும் பட்டம் முதல் வாரத்திலேயே அவருக்குக் கிடைத்துவிடும். காலாண்டுப் பரீட்சை வருமுன்னர் உடனுறைவோர் வேறறை தேடிப் போய்விடுவர். இந்நகைப்பில் யானும் பங்கு கொண்டவனே. அது தக்கதன்று என்று யான் உணர்ந்தவாற்றையும், குறட்டை எழும் காரணத்தையும், அதனைத் தணித்து நல்லுறக்கம் பெறும் வழிகளையும் இக்கட்டுரையில் இயன்றவரை விளக்குவேன்.

என் தாய்மாமன் வீடு மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்கு அண்மையில் உள்ளது. கோடை விடுமுறையில் நாங்கள் அங்கே செல்லும்போதெல்லாம், வெப்பம் பொறுக்கமாட்டாமல் வீட்டார் அனைவரும் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுப்பது வழக்கம். படுத்த சிறிது நேரத்திற்கெல்லாம் மாமாவின் குறட்டை தொடங்கும். பக்கத்து மாடியில் இருப்போரும் அதைக் கேட்டுச் சிரிப்பர். "மனத்தில் கவலை இல்லாதவன், ஆதலால் அடித்துப் போட்டாற்போல் உறங்குகிறான்" என்று பாட்டியார் பெருமை பேசுவார். மாமி ஒருவரே அதனை ஒப்பாதவர். "சத்தம் வந்தால் எனக்குக் கவலை இல்லை, நடுநடுவே மூச்சு நின்று போகிறது, அதுதான் பயமாயிருக்கிறது" என்பார். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து மாமாவின் தோளைத் தொட்டு அசைத்துவிட்டு வந்து படுப்பார். அவர் சொல்லை எவரும் பொருட்படுத்தவில்லை. மாமாவோ காலையில் தலைவலியோடு எழுவார். பத்திரிகை படிக்கும்போதே கண்ணயர்வார். மார்கழியில் கச்சேரிக்குச் சென்றால் ராக ஆலாபனை முடியுமுன் தலை சாய்ந்துவிடும். "எட்டு மணி நேரம் தூங்கியும் போதவில்லை" என்று அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஒரு நாள் பிற்பகல் அவர் ஸ்கூட்டரில் அடையாற்றுப் பாலத்தைக் கடந்து வருகையில், விழித்த கண் விழித்தபடியே உறக்கம் வந்து, சாலை நடுவிலுள்ள தடுப்பின்மேல் மோதி விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தமையால் உயிர் தப்பியது, தோளெலும்பு முறிந்தது. எலும்பைப் பொருத்திய டாக்டர், "இவர் இரவில் குறட்டை விடுவாரா?" என்று மாமியைக் கேட்டார். பல்லாண்டுகளாக ஒருவரும் கேளாத கேள்வி அது. மாமி தாம் கண்டவற்றையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அதன் பின்னரே மாமாவுக்கு உறக்கப் பரிசோதனை நடந்தது. உறக்கத்தில் மணிக்கு முப்பதுக்கு மேற்பட்ட முறை மூச்சு தடைப்படுகின்றது என்பது தெளிவாயிற்று. வீட்டில் மாமி கண்டறிந்த வியாதியை யந்திரம் உறுதி செய்தது என்றே சொல்லவேண்டும். குறட்டை விடுபவனுக்குத் தன் குறட்டை கேளாது. அதனைக் கேட்பவரே அவனுக்கு முதல் சாட்சி. அச்சாட்சி நகைப்பில் வீணாகலாகாது. இக்கட்டுரையின் கருத்து முழுவதும் இதில் அடங்கும்.

இனிக் குறட்டை எழுமாற்றைக் காண்போம். மூக்கின் வழியே உட்புகும் காற்று, மெல்லண்ணம், உண்ணாக்கு, நாக்கின் அடிப்பாகம் ஆகியவற்றின் பின்னால் உள்ள ஒரு வழியாகவே மூச்சுக்குழலை அடைதல் வேண்டும். மூச்சுக்குழலைக் குருத்தெலும்பு வளையங்கள் விரித்து நிறுத்துகின்றன. அதற்கு மேலுள்ள தொண்டைப் பகுதிக்கோ அத்தகைய தாங்கல் இல்லை. சுற்றியுள்ள தசைகளின் இறுக்கமே அதனைத் திறந்து வைக்கின்றது. நாம் உறங்கும்போது உடலின் ஏனைத் தசைகளைப்போலவே இவையும் தளர்கின்றன, வழி ஒடுங்குகின்றது. ஒடுங்கிய வழியில் காற்று விரைந்து பாய, மெல்லிய சுவர்கள் அதிர்கின்றன. நாகசுரக்காரர் ஊதும்போது சீவாளி அதிர்ந்து ஒலி எழுப்புவதைப்போன்றதே இது. அங்கே பிறப்பது இசை. இங்கே பிறப்பது குறட்டை. ஆகவே குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் அன்று. காற்று செல்லும் வழி நெருக்குண்டது என்பதற்கே அடையாளமாம்.

வழி ஒடுங்குவதோடு நில்லாமல் சிலருக்கு முழுவதும் மூடிக்கொள்ளும். அப்பொழுது குறட்டை ஒலி திடீரென்று நின்றுவிடும். அருகில் இருப்பவர் "ஒருவாறு ஓய்ந்தது" என்று மகிழ்வர். மார்பும் வயிறும் மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருக்கும், காற்றோ உட்செல்லாது. இரத்தத்திலுள்ள பிராணவாயு குறையும். அதனை உணர்ந்த மூளை, உறங்குபவனை ஒரு கணம் எழுப்பித் தசைகளை இறுக்கும். பெரிய திணறலோடு மூச்சு மீளும். மீண்டும் குறட்டை தொடங்கும். இவ்விழிப்பு மிகச் சிறிதாதலின் காலையில் நினைவில் நில்லாது. இத்தகைய தடை பத்து விநாடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் மருத்துவர் அதனைக் கணக்கில் எடுப்பர். தடைகளும் ஓரளவு மூச்சுக் குறைவுகளும் சேர்ந்து மணிக்கு ஐந்துக்கு உட்பட்டால் குற்றமில்லை. 15 முதல் நடுத்தர நோய். 30க்கு மேற்பட்டால் கடுமையானது. மணிக்கு 30 என்றால் எட்டு மணி நேரத்தில் 240 முறை! கும்பகர்ணன் பல மாதங்கள் இடையறாது உறங்கினான் என்று கதை கூறும். ஓரிரவில் 240 முறை எழுப்பப்படுபவனுக்கு அப்பெயர் எங்ஙனம் பொருந்தும்? அவன் உறக்கத்தில் மிக்கவன் அல்லன், உறக்கமே பெறாதவன்.

இந்நோய் அருமையானதும் அன்று. புதுதில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார், நம் நாட்டில் நடந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேர் இத்தடையுடையவர். ஆண்களில் 13, பெண்களில் 5. மொத்தம் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் என்பது அவர்கள் மதிப்பு. சிகிச்சையின்றி விட்டால் இரத்த அழுத்தம், இருதய நோய், பக்கவாதம் ஆகியவை வரும் வாய்ப்பு மிகும். பகலில் மறதியும் சினமும் சோர்வும் தோன்றும். வாகனம் ஓட்டுபவருக்கு நேரக்கூடியதை முன்னரே கண்டோம். குறட்டை விடும் எல்லாருக்கும் இந்நோய் உண்டு என்று எவரும் அஞ்சவேண்டா. வெறுங்குறட்டையே பெரும்பான்மை. ஆயின் எது வெறுங்குறட்டை, எது நோய் என்பதை ஓரளவேனும் பிரித்தறிய வல்லவர் அருகே விழித்திருப்பவரே.

படுக்கையில் கிடக்கும் நேரம் வேறு, உறங்கும் நேரம் வேறு என்பதற்கு நம் சென்னை நகரமே சான்றாக உள்ளது. பெஸ்ஸோன், கௌதம் ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்டு, டோமா என்னும் பொருளாதார ஆராய்ச்சியாளர் ஐவர், சென்னையில் வாழும் குறைந்த வருவாயுடையோர் 452 பேரை ஓர் அலுவலகத்தில் எழுத்துப் பதிவு வேலைக்கு அமர்த்தி, அவர்கள் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவி ஒன்றைக் கட்டி, உறக்கத்தை அளந்தனர். அதன் முடிவு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்கள் இரவில் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் சராசரி ஐந்தரை மணி நேரமே உறங்கினர். வெப்பம், கொசு, இரைச்சல், இடநெருக்கம் முதலியவற்றால் உறக்கம் துண்டு துண்டாயிற்று. மூச்சுத்தடை நோயுடையவர் உறக்கம் எவ்வளவு குலைந்திருக்குமோ அவ்வளவு குலைந்திருந்தது அவர்கள் உறக்கமும். சிலருக்கு அறிவுரையும், ஊக்கமும், உறங்குவதற்கு வேண்டிய வசதிப் பொருள்களும் மூன்று வாரம் அளித்தபோது இரவுறக்கம் 27 நிமிஷம் கூடிற்று. ஆயினும் நிபுணர் எதிர்பார்த்ததற்கு மாறாக, வேலைத் திறத்திலோ மனநிலையிலோ யாதொரு நன்மையும் காணப்படவில்லை; ஏனெனில் படுத்திருந்த நேரம் நீண்டதன்றி உறக்கத்தின் தன்மை திருந்தவில்லை போலும். வேலையிடத்தில் பிற்பகல் அரை மணி நேரம் அமைதியாக உறங்க இடம் அளிக்கப்பட்டவர்க்கோ வேலைத் திறமும், மனநலமும், கவனமும் மேம்பட்டன. உறக்கத்துக்கு அளவைப்போலவே தரமும் உண்டு என்பதே இதனால் நாம் அறியத்தக்கது. குறட்டையைத் தணிக்கும் வழிகளும் நல்லுறக்கத்தின் வழிகளும் இவ்விடத்தில் ஒன்று சேர்கின்றன. அவற்றை முறையே கூறுவேன்.

முதலாவது, படுக்கும் நிலை. மல்லாந்து படுத்தால் நாக்கும் மெல்லண்ணமும் தம் பாரத்தால் பின்னோக்கிச் சரிந்து வழியை அடைக்கும். ஒருக்களித்துப் படுத்தால் அங்ஙனம் சரியா. மிகப் பலருக்கு இம்மாற்றம் ஒன்றினாலேயே குறட்டை பெரிதும் குறைகின்றது. தேரையர் பெயரால் வழங்கும் பிணியணுகாவிதி, இடக்கை கீழாகப் படுக்குமாறு விதிப்பதை முதியோர் அறிவர். அந்நூலார் கருதிய காரணம் எதுவாயினும், ஒருக்களித்துப் படுத்தல் நன்று என்பதற்கு இன்றைய மருத்துவமும் உடன்படுகின்றது. உறக்கத்தில் அறியாமல் மல்லாந்து விடுபவர், பழைய பனியனின் முதுகுப்புறத்தில் ஒரு சிறு பை தைத்து அதில் டென்னிஸ் பந்து ஒன்றை இட்டு அணிந்துகொள்ளலாம். புரளும்போது அது உறுத்தி மீண்டும் ஒருக்களிக்கச் செய்யும். முதுகின் பின்னால் நீண்ட தலையணை ஒன்றை அணைத்து வைத்தலும் ஆம். தலைமாட்டை உயர்த்த விரும்புவோர் தலையணைமேல் தலையணை அடுக்கலாகாது. முகவாய் மார்பை நோக்கி மடிந்து, வழி பின்னும் ஒடுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்துதலே தக்கது.

இரண்டாவது, உடற்பாரம். கழுத்தைச் சுற்றியும் நாக்கினுள்ளும் சேரும் கொழுப்பு மூச்சுவழியை நெருக்குகின்றது. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் என்னுமிடத்தில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், எடை நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடியவர்க்கு மூச்சுத்தடைகள் ஏறக்குறைய நூற்றுக்கு 32 கூடின. பத்துப் பங்கு குறைந்தவர்க்கு 26 குறைந்தன. எண்பது கிலோ எடையுள்ளவர் எட்டுக் கிலோ குறைத்தால் இவ்வளவு பயன் உண்டு என்பது சிறிய செய்தி அன்று. ஆதலின் இராப்போஜனத்தைப் படுக்கைக்கு இரண்டு மூன்று மணி முன்னரே, அளவாக முடித்துக்கொள்க. தியாகராய நகரில் கடைவீதி சுற்றிவிட்டு இரவு பத்து மணிக்குமேல் பரோட்டாவும் பிரியாணியும் உண்டு உடனே படுக்கும் வழக்கம் நம்மில் பலர்க்கு உண்டு. அதனை விடுத்தல் நலம். எலியட்ஸ் கடற்கரையோ மெரீனாவோ அண்மையில் இருக்க, மாலையில் ஒரு மணி நேரம் நடப்பதற்கு என்ன தடை? ஆனால் ஒன்று: மெலிந்தவர்க்கும் தாடை சிறுத்திருத்தல் முதலிய காரணங்களால் இந்நோய் வருவதுண்டு. "யான் பருமன் அல்லேன், எனக்கு இது வாராது" என்று இருந்துவிடலாகாது.

மூன்றாவது, மூக்கு. மூக்கடைப்பு உள்ளவன் வாயால் மூச்சு விடுகின்றான். வாய் திறக்கவே நாக்கு பின் செல்கின்றது. சளியும் தூசியும் காரணமாயின், உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல் பயன் தரும். இதற்குக் காய்ச்சி ஆறிய நீரையே கொள்ளுதல் வேண்டும். குழாய் நீரை அப்படியே மூக்கில் விடுதல் பேராபத்து. மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்துகளைச் சில நாட்களுக்குமேல் இடுதலும் தீது. அடைப்பு முன்னிலும் மிகும். தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துக. மின்விசிறியின் இறக்கைகளில் படிந்த தூசியைத் துடைத்தலும் வேண்டும். எப்போதும் ஒரு பக்க மூக்கே அடைத்திருந்தால் நடுத்தண்டு வளைந்திருத்தல் கூடும். அதனை மருத்துவரே பார்க்கவேண்டும்.

நாலாவது, விலக்கத்தக்கன. மதுபானம் தொண்டைத் தசைகளை மிகுதியும் தளர்த்துவதால், குறட்டை இல்லாதவனுக்கும் குறட்டையை உண்டாக்கும். உள்ளவனுக்கு மூச்சுத்தடையை மிகுவிக்கும். தூக்க மாத்திரைகளுள்ளும் பல அவ்வாறே செய்வன. மருத்துவர் சொல்லின்றி அவற்றைத் தொடலாகாது. புகையிலைப் புகை தொண்டையையும் மூக்கையும் வீங்கச் செய்கின்றது. குறட்டை நீங்கும் என்று சொல்லி விற்கப்படும் மோதிரங்களையும் பட்டைகளையும் நம்பிப் பணத்தை இழக்கவேண்டா. வாயை ஒட்டுத்துணியால் ஒட்டிக்கொண்டு உறங்கும் புது வழக்கம் ஒன்று இப்போது பரவி வருகின்றது. மூக்கடைப்போ மூச்சுத்தடையோ உள்ளவர்க்கு அது ஆபத்தாய் முடியலாம்.

ஐந்தாவது, தொண்டைக்குரிய பயிற்சி. இது பலர்க்கும் புதிதாகத் தோன்றும். தசைத் தளர்ச்சியே காரணமாயின், அத்தசைகளை வலியுறச் செய்தால் குறட்டை குறையாதோ என்று ஆராய்ச்சியாளர் கருதினர். சுவிட்ஸர்லாந்தில் 25 பேரைக்கொண்டு நடந்து 2006ஆம் ஆண்டில் வெளியான சோதனையில், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் 'டிட்ஜெரிடூ' என்னும் நீண்ட ஊதுகுழலை நான்கு மாதம் பயின்றவர்க்கு மூச்சுத்தடையும் பகலுறக்கமும் குறைந்தன. 2009ஆம் ஆண்டில் பிரேஸில் தேசத்துச் ஸாவோ பௌலோ நகரத்தார், நாக்கு, மெல்லண்ணம் ஆகியவற்றுக்குரிய பயிற்சிகளை மூன்று மாதம் செய்வித்துத் தடைகள் குறைந்ததைக் காட்டினர். நம் நாட்டில் ஜெய்ப்பூர் நகரத்து மருத்துவர் சிலர், சங்கு ஊதுதலையே சோதித்து 2025ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நடுத்தர நோயுடைய 30 பேரில் 16 பேர் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குக் குறைந்தது 15 நிமிஷம் சங்கு ஊதினர்; ஏனையோர் ஆழ்ந்து மூச்சு விடும் பயிற்சி செய்தனர். ஆறு மாதத்தில் சங்கு ஊதியவர்க்கு மணிக்கு நாலைந்து தடைகள் குறைந்தன. பகலுறக்கம் மூன்றிலொரு பங்கு தணிந்தது. இவை சிறிய சோதனைகள். கடுமையான நோய்க்கு இவற்றையே மருந்தாகக் கொள்ளலாகாது. ஆயினும் நாக்கு நுனியை மேலண்ணத்தில் அழுத்திப் பின்னோக்கி வழித்தல், நாக்கு முழுவதையும் அண்ணத்தோடு ஒட்டி இறுக்குதல் ஆகியவற்றை நாளும் இருபது முறை செய்வதில் செலவும் இல்லை, தீங்கும் இல்லை.

இவ்வளவு செய்தும் குறட்டை தணியாதாயின், அல்லது நடுநடுவே மூச்சு நின்று திணறலோடு மீளுமாயின், காலையில் தலைவலியும் வாய் வறட்சியும், பகலில் அடக்கலாகாத உறக்கமும் இருக்குமாயின், இரத்த அழுத்தம் மருந்துக்கு அடங்காதாயின், காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடவேண்டும். வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தால், உண்ணாக்கு நன்றாகத் தெரிகின்றதா என்று காணலாம். ஆந்திர நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்கமருந்து வல்லுநர் சேஷகிரிராவ் மல்லம்பாட்டி, அறுவைச் சிகிச்சைக்கு வருவோரின் மூச்சுவழியை அறிய 1985ஆம் ஆண்டில் வகுத்த முறை இது. உண்ணாக்கு நாக்கின் பின் மறைந்திருந்தால் வழி ஒடுங்கியது என்று ஐயுறலாம். உறுதியான முடிவைத் தருவது உறக்கப் பரிசோதனையே. தலையிலும் மார்பிலும் மூக்கருகிலும் விரலிலும் சிறு கருவிகளைப் பொருத்தி, ஓர் இரவு முழுவதும் மூளையின் நிலையையும், மூச்சையும், பிராணவாயுவையும் பதிவு செய்வர். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இவ்வசதி உண்டு. வீட்டிலேயே செய்யும் எளிய முறையும் வந்துவிட்டது.

நோய் உறுதியாயின் அஞ்ச வேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலுள்ள ஸிட்னி நகரத்து டாக்டர் காலின் ஸல்லிவன், மூக்கில் பொருத்திய மூடி வழியாக இடைவிடாது மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். அதற்கு முன்னர்க் கடுமையான நோய்க்குக் கழுத்தில் துளையிடுதலே வழியாக இருந்தது. வீட்டுச் சுவர் சாயாமல் முட்டுக் கொடுப்பதுபோல, அக்காற்றே தொண்டைச் சுவர்களை உள்ளிருந்து தாங்கி நிற்கும். முதல் சில நாட்கள் மூடி இடையூறாகவே தோன்றும். பழகினவர் அதனை விடமாட்டார். கீழ்த்தாடையைச் சிறிது முன்னிழுத்து நிறுத்தும் கருவியைப் பல் மருத்துவர் செய்து தருவதுண்டு. மிதமான நோய்க்கு அது ஏற்றது. குழந்தைகள் நாள்தோறும் குறட்டை விட்டால் அதனை அழகென்று ரசியாது மருத்துவரிடம் காட்டுக. உள்நாக்குச் சதையும் மூக்கின் பின்னுள்ள சதையும் வீங்கியிருத்தலே பெரும்பாலும் காரணம். பள்ளியில் கவனமில்லாத பிள்ளை என்று ஏசப்படும் குழந்தை, இரவில் உறக்கமற்ற குழந்தையாக இருத்தலும் கூடும்.

இனி, குறட்டை உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் பொதுவான சில. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுக. விடுமுறை நாளிலும் அதனை மாற்றற்க. எழுந்தவுடன் சிறிது நேரம் வெயிலொளியில் நில்லுங்கள். அன்றிரவு உறக்கம் உரிய வேளையில் வருவதற்கு அது துணை செய்யும். மயிலாப்பூர்க் காப்பியின் பெருமையை யான் குறைத்துக் கூறேன். ஆனால் காப்பியிலுள்ள சத்தில் பாதி கழிவதற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த காப்பியில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் விழித்திருக்கும். பிற்பகல் இரண்டு மணிக்குப்பின் அதனை நிறுத்துக. படுக்குமுன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் உடல்வெப்பம் வெளிப்பட்டு உறக்கம் எளிதில் வரும். சென்னைக் கோடைக்கு இதுபோன்ற எளிய மருந்து வேறில்லை. கொசுவர்த்திப் புகையைவிடக் கொசுவலை மேல். கைப்பேசியைப் படுக்கையில் வையாது எட்டாத இடத்தில் வைக்க. இருபது நிமிஷம் உறக்கம் வாராதாயின் புரண்டுகொண்டிராமல் எழுந்து, மங்கிய ஒளியில் ஏதேனும் படித்து, கண் சொருகியபின் மீண்டும் படுக்க. பிணியணுகாவிதி பகலுறக்கத்தை விலக்குகின்றது. சென்னைச் சோதனையோ அரை மணி உறக்கத்தை நன்றென்கின்றது. இரண்டையும் சேர்த்து நோக்கின், மூன்று மணிக்கு முன்னர் அரை மணிக்கு மேற்படாது கண்ணயர்தல் நலம். மாலைவரை உறங்கி இரவுறக்கத்தைக் கெடுத்தல் தீது எனக் கொள்ளலாம். பரீட்சைக்கு முன்னிரவு முழுவதும் விழித்துப் படிக்கும் நண்பர்க்கு ஒரு சொல்: படித்ததை மூளை நிலைநிறுத்துவது உறக்கத்திலேயே. உறக்கத்தை விற்றுப் படிப்பை வாங்குபவன் இரண்டையும் இழக்கின்றான்.

என் மாமா இன்று நலமாயிருக்கின்றார். மூடியோடு உறங்கத் தொடங்கிய சில வாரங்களில் காலைத் தலைவலி நீங்கிற்று. சென்ற மார்கழியில் ஒரு கச்சேரியைத் தொடக்கமுதல் மங்களம்வரை விழித்திருந்து கேட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொள்கின்றார். மாமியும் இப்போது இரவு முழுவதும் உறங்குகின்றார். ஒருவர் நோய்க்கு இருவர் உறக்கம் பலியாகி வந்ததை அப்போதுதான் நாங்கள் அறிந்தோம். "இத்தனை வருஷம் நீ சொன்னதை நான் கேட்டிருக்கலாம்" என்று மாமா ஒரு நாள் மாமியிடம் கூறியதை யான் கேட்டேன்.

ஆதலின், விடுதி நண்பர்காள், பக்கத்துக் கட்டிலில் குறட்டை எழும்பொழுது தலையணையை வீசி எறியாதீர்கள். சில நிமிஷம் செவிசாய்த்துக் கேளுங்கள். ஒலி ஒழுங்காக வருமாயின், அவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கச் செய்து நீங்களும் உறங்குங்கள். ஒலி நின்று, மூச்சும் நின்று, திணறலோடு மீளுமாயின், மறுநாள் காலையில் அவரைத் தனியே அழைத்து, நகையாது, கண்டதைக் கண்டவாறே சொல்லுங்கள். வீட்டுக்குச் சென்றால் தந்தையார் உறங்குவதையும் ஒருமுறை கவனியுங்கள். தாயார் அதனைப்பற்றி முன்னரே ஏதேனும் சொல்லியிருப்பாராயின் அச்சொல்லுக்குச் செவி கொடுங்கள்.